பேச்சுக் கேட்டு வளரும் பிள்ளை

பவானியில் நின்று பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுகிறவர் தறியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கூடுதுறைக்கு இந்தப் பக்கம் ஜமக்காளத் தறி. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் குமாரபாளையம், விசைத்தறி. 2005-06இல் புவிசார் குறியீடு வாங்கிய பவானி ஜமக்காளம் குழித்தறியில் நெய்வது. அகலமான ஜமக்காளம் என்றால் இரண்டு பேர் குழியில் காலை விட்டுப் பக்கம் பக்கமாக உட்கார்ந்து நெய்வார்கள். கை வேலையில் இருக்கும். வாய் சும்மா இருக்காது. பெண் பார்த்த கதை, கூலிக் கணக்கு, பக்கத்து வீட்டு வம்பு எல்லாம் அந்தத் தறி மேலேதான் நடக்கும். தார் சுற்றும் ஆத்தாவின் மடியில் கிடக்கிற குழந்தை அத்தனையையும் கேட்டுக்கொண்டிருக்கும்.

கைத்தறிக் குடும்பங்கள் வறுமையில்லாமல் வாழ்ந்தன என்றோ, அந்தப் பிள்ளைகள் எல்லோரும் படித்து மேலே வந்தார்கள் என்றோ யாரும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் தார் சுற்ற உட்கார்ந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். ஆனால் அந்த வீட்டில் பேச்சு காதில் விழுந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. வரிசையாகத் தறி ஓடும் பட்டறைக்குள் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்க வேண்டுமானால் காதோரம் வந்து கத்த வேண்டும். இழை அறுந்தது, தார் தீர்ந்தது, டீ வந்துவிட்டது என்பதற்கெல்லாம் சைகைதான். விசைத்தறிக் கூடங்களில் கருவி வைத்து அளந்தவர்கள் 90 டெசிபலுக்கு மேல் என்றே கண்டிருக்கிறார்கள். குடியிருப்புப் பகுதியில் பகல் நேரத்துக்கு 55 டெசிபல்தான் வரம்பு என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். வீட்டுச் சுவரும் பட்டறைச் சுவரும் ஒன்றாக இருக்கிற தெருக்களில் அந்த வரம்புக்கு என்ன பொருள் என்று கேட்க வேண்டியதில்லை. அங்கே தொட்டில் கட்டியிருப்பார்கள். “சத்தத்துலயே பழகுன கொழந்தைங்க, நல்லாத் தூங்கும்” என்று பெருமையாகவும் சொல்வார்கள். கவலைப்பட வேண்டியது அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான்.

நியூயார்க்கில் மன்ஹாட்டன் தீவின் வடகோடியில் பி.எஸ். 98 என்றொரு அரசுத் தொடக்கப் பள்ளி உண்டு. அதன் ஒரு பக்கத்தை ஒட்டி, உயரத்தில் ரயில் பாதை. ஏறக்குறைய நாலரை நிமிடத்துக்கு ஒரு வண்டி. வண்டி வந்தால் ஆசிரியர் பேச்சை நிறுத்துவார். போன பிறகு விட்ட இடத்தைத் தேடிப் பிடித்துத் தொடர்வார். ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் 1975இல் வெளியிட்ட ஆய்வில் எளிமையான ஓர் ஒப்பீடு செய்தார். ரயில் பக்கத்து வகுப்பறைப் பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண்ணையும், மறுபக்கத்து அமைதியான வகுப்பறைப் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ஒரே பள்ளி, ஒரே பாடம், ஒரே வட்டாரத்துப் பிள்ளைகள். ஆறாம் வகுப்பில் ரயில் பக்கம் உட்கார்ந்தவர்கள் ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள்! பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் அட்டை போட்டார்கள். வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகை பொருத்தினார்கள். 1981இல் திரும்பப் பார்த்தபோது இரண்டு பக்கத்துக்கும் வேறுபாடு காணவில்லை.

அதே நகரத்தில், நெடுஞ்சாலைக்கு மேலேயே கட்டிய 32 மாடிக் குடியிருப்புகளில் 1973இல் வந்த இன்னோர் ஆய்வு இதைவிட நுட்பமானது. கீழ்த்தளங்களில் நாலைந்து வருடம் குடியிருந்த பிள்ளைகள், நெருக்கமான ஒலியுடைய இரண்டு சொற்களைப் பிரித்தறியத் தடுமாறினார்கள், வாசிப்பிலும் பின்தங்கினார்கள். சோதனை நடந்தது அமைதியான அறையில்தான். அவர்களுடைய காது பழுதாகிவிடவில்லை. ஓயாத இரைச்சலில் வளரும் குழந்தை இரைச்சலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. அதோடு சேர்த்துப் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டுவிடுகிறது. பெரியவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. தெரிந்த சொல்லில் பாதி கேட்டாலே மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். சொல்லே தெரியாத ஒன்றரை வயதுக் குழந்தை எதை வைத்து நிரப்பும்?

எழுத்து கற்பது கண் சம்பந்தப்பட்ட வேலை என்றுதான் பலரும் நினைத்திருக்கிறோம். அதில் பெரும்பங்கு காதுக்கு என்பது கொஞ்சம் யோசித்தால் விளங்கும். குடம், குண்டு. இரண்டுக்கும் முதலெழுத்து ‘கு’தான். ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி யாரும் சொல்வதில்லை. பல், பயம் என்பவற்றின் ‘ப’வும் அப்படித்தான். எது எந்த ஒலி என்று எழுத்து சொல்லாது. அந்தச் சொல்லை முன்பே கேட்டிருக்கும் காதுதான் சொல்லும். கேட்டிருக்காத பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, படித்தது என்னவென்று தெரியாமல் நிற்கும். ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு அறிஞர்கள் 1986இல் இதை ஒரு கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். எழுத்தைக் கூட்டும் திறனையும், கேட்டால் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. கூட்டல் அல்ல, பெருக்கல். இரண்டில் ஒன்று சுழியமானாலும் விடை சுழியம்.

247 எழுத்து உள்ள மொழியில் எழுத்தைக் கூட்டும் அந்த முதல் பாதிக்கே நாள் பிடிக்கும். பெங்களூரில் சோனாலி நாக் கன்னடப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில், எழுத்துகள் முழுதாகக் கைவர நான்காம் வகுப்பு வரைகூட ஆவதைக் கண்டார். தமிழும் அந்தக் குடும்பத்து எழுத்துமுறைதான். எழுத்துக்கே இத்தனை நாள் ஆகிறதென்று நம் பள்ளிகள் முதல் இரண்டு வருடமும் எழுத்தையே அரைத்துக்கொண்டிருக்கும். பேச்சு வீட்டில் வந்துவிடும் என்று விட்டுவிடும். விளைவு பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் ஏசர் அறிக்கைகளில் தெரிகிறது. நாடு முழுக்கக் கிராமப்புற அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 2024இல் 23.4 விழுக்காடு. கொரோனா ஊரடங்குக்குப் பிறகு 2022இல் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டின் எண் 5 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை.

சரி, பேச்சு வீட்டில் எப்படி வருகிறது? 1995இல் பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி என்ற இருவர் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 42 குடும்பங்களை இரண்டரை வருடம், மாதம் ஒரு மணி நேரம் பதிவு செய்து ஒரு நூல் வெளியிட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை நான்கு வயதுக்குள், படித்த வசதியான வீட்டுப் பிள்ளையைவிட மூன்று கோடிச் சொல் குறைவாகக் கேட்கிறது என்பது அவர்கள் போட்ட கணக்கு. உலகம் முழுக்க அந்த எண் பரவியது. ஆனால் மிக ஏழைக் குடும்பம் என்று அவர்கள் சேர்த்தது ஆறே ஆறு. பெற்றோர் நேரடியாகக் குழந்தையிடம் சொன்னதை மட்டுமே எண்ணினார்கள். பாட்டி, சித்தி, அண்ணன், தெருவில் கூடிய பெண்கள் யாரும் கணக்கில் வரவில்லை. 2019இல் டக்ளஸ் ஸ்பெரியும் உடன் ஆய்வாளர்களும் அவர்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தபோது அந்த இடைவெளி நிற்கவில்லை. ஆத்தா, அம்மிச்சி, அப்புச்சி என்று ஆசாரம் நிறைய ஆள் இருக்கும் கொங்கு நாட்டு வீட்டுக்கு அந்த மூன்று கோடிக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. ஏழை வீட்டில் பேச்சுப் பஞ்சம் என்று சொல்லித் திரிவது அநியாயம்.

எண்ணிக்கையைவிடக் கொடுக்கல் வாங்கல்தான் முக்கியம் என்று அதன் பிறகு வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ரேச்சல் ரோமியோ 2018இல் நான்கிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், பெரியவரும் பிள்ளையும் மாறி மாறிப் பேசிய தடவைகள் கூடக் கூட, மூளையின் மொழிப் பகுதி நன்றாக வேலை செய்வது தெரிந்தது. எத்தனை சொல் காதில் விழுந்தது என்பதற்கு அந்த அளவு செல்வாக்கு இல்லை. செல்போனைக் கையில் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போகும் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி இது. சியாட்டிலில் பட்ரீசியா குல் 2003இல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார். நேரில் உட்கார்ந்து பொம்மை காட்டி ஒருவர் பேசியபோது குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. அதே ஆள், அதே பேச்சு, ஆனால் தொலைக்காட்சித் திரையில் என்றபோது எதுவும் ஏறவில்லை. கார்ட்டூன் பார்த்துப் பிள்ளை இங்கிலீஷ் பேசும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

வீட்டில் வாய் ஓயாமல் பேசும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஊமையாக உட்கார்ந்திருப்பது ஏன் என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஹார்லமில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1960களில் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் கறுப்பினச் சிறுவர்களின் பேச்சை ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்தப் பிள்ளைகளுக்கு மொழியே போதாது, அதனால்தான் படிப்பு வரவில்லை என்று அன்றைய கல்வி உளவியலாளர்கள் பலர் எழுதிக்கொண்டிருந்த காலம். லியோன் என்று அவர் குறிப்பிடும் எட்டு வயதுச் சிறுவனிடம் பேட்டி எடுக்கப் போனவர் கிளாரன்ஸ் ராபின்ஸ். அவரும் ஹார்லமில் வளர்ந்த கறுப்பினத்தவர்தான். கேள்விக்கு ஒரு சொல் பதில், அல்லது தோளைக் குலுக்கல். அந்தப் பதிவை மட்டும் கேட்டால் பையனுக்கு மொழி வளரவில்லை என்றுதான் யாரும் சான்றிதழ் எழுதுவார்கள்.

அடுத்த முறை ராபின்ஸ் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். லியோனின் உயிர்த்தோழன் கிரெகரியையும் கூட அழைத்துக்கொண்டார். நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். பெரியவர்கள் முன்னால் சொல்லக்கூடாத சில சொற்களையும் சங்கதிகளையும் தாமே எடுத்துவிட்டார். அவ்வளவுதான், இரண்டு பையன்களும் போட்டி போட்டுக்கொண்டு, ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து, பேசித் தள்ளினார்கள். 1969இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் லபோவ் சொல்ல வந்தது இதுதான்: சோதனை அளந்தது பையனின் மொழியை அல்ல, பயத்தை.

நம் ஊர் இரண்டாம் வகுப்பில் இதே காட்சியை எந்த ஆசிரியரும் பார்த்திருப்பார். பிள்ளை எழுந்து நின்று “குதிரை வேகமாக ஓடியது” என்று சத்தம் போட்டுப் படிக்கும். “குதிரை என்ன செய்தது?” என்று கேட்டால் காலைத் தேய்த்துக்கொண்டு நிற்கும். “ஏங்கண்ணு, குருதை என்னாச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். “ஓடிப் போச்சுங் டீச்சர்” என்று உடனே வரும். ஓடிய குதிரையைத் தாண்டி, அது எங்கே ஓடியது, நோம்பிக்கு அப்புச்சி ஊருக்குப் போனபோது பார்த்த குதிரை எவ்வளவு உயரம் என்பது வரை வரும். நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டுத் தமிழும் பாடநூல் தமிழும் தள்ளித் தள்ளி நிற்பது தமிழுக்குப் பழைய சங்கதி. கொங்கு நாட்டுக் குழந்தைக்கு அந்தத் தூரம் கொஞ்சம் கூடுதல். அது வட்டலில் சோறு உண்ணும், புத்தகத்தில் தட்டு. வீட்டுக்கு ஒறம்பரை வருவார்கள், புத்தகத்தில் விருந்தினர். பொழுதோட விளையாடும், புத்தகத்தில் மாலை. அவிய போறாங்க என்று பேசும். புத்தகத்தில் அவர்கள் செல்கின்றனர். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொற்களைத் திரட்டித் தனி அகராதியே போட்டிருக்கிறார். அத்தனை சொத்தையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்றால் ஆறு வயதுக் குழந்தை வாயை மூடிக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்யும்? “ஒழுங்காத் தமிழ் பேசு” என்று ஒரு முறை அதட்டினால் போதும், அந்த வருடம் முழுக்கக் கை தூக்காது.

அதற்காகப் பாடநூலைப் பேச்சுத் தமிழில் எழுதிவிட வேண்டும் என்பதில்லை. இந்தத் தொல்லை அரபு மொழிக்கும் உண்டு. அங்கே வீட்டு மொழிக்கும் நூல் மொழிக்கும் இடைவெளி இன்னும் பெரிது. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டினா ஃபைட்டல்சனும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், அரபுக் குழந்தைகளின் மழலையர் வகுப்புகளில் நாள்தோறும் கடைசிக் கொஞ்ச நேரம் நூல்மொழியில் கதை படித்துக் காட்டச் செய்தார்கள். சில மாதம்தான். அந்தக் குழந்தைகளுக்குக் கேட்டுப் புரிந்துகொள்வதும், கதையைக் கோவையாகத் திருப்பிச் சொல்வதும் மற்ற வகுப்புப் பிள்ளைகளைவிட நன்றாக வந்தது. சிங்கப்பூர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. அங்கே 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தைச் சீராய்ந்த குழு, வகுப்பில் நல்ல பேச்சுத் தமிழுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இரண்டு வழியும் சொல்வது ஒன்றுதான். பிள்ளை தன் பேச்சில் பதில் சொல்லட்டும்; ஆசிரியர் நூல் தமிழைக் காதில் போட்டுக்கொண்டே இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு வழியில்லாமல் இல்லை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, கதைக்கும் பாட்டுக்கும் பொம்மலாட்டத்துக்கும் வகுப்பில் இடம் கொடுத்தது. அடுத்து வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிகளில் சின்னச் சின்னக் கதை நூல்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. நல்ல நூல்கள். அவை அலமாரியில் பூட்டிக் கிடக்கும் பள்ளியும் உண்டு. பிள்ளைகள் கையில் கிழிந்து தொங்கும் பள்ளியும் உண்டு. கிழிந்த நூல் உள்ள பள்ளிதான் தேர்ந்த பள்ளி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பதிவேடு நிரப்புவதற்கே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் சொல்லும் குறையிலும் நியாயம் இருக்கிறது.

இதே நெசவுத் தொழில் சூழ்ந்த ஊர்களில் நடந்த ஓர் ஆராய்ச்சியைப் பவானிக்காரர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஷெர்லி பிரைஸ் ஹீத் என்ற மானிடவியலாளர் அமெரிக்காவின் கரோலினா பகுதியில், துணி ஆலைகளில் வேலை செய்பவர்களின் இரண்டு சிறு குடியிருப்புகளில் வருடக்கணக்கில் பழகி 1983இல் ஒரு நூல் எழுதினார். ரோட்வில், டிராக்டன் என்று அவற்றுக்குப் பெயர் மாற்றி எழுதினார். ரோட்வில் வெள்ளையர் குடியிருப்பு. அங்கே குழந்தைக்கு நிறம், எண், பொருளின் பெயர் எல்லாம் சொல்லிக்கொடுப்பார்கள். கதை என்றால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும், இட்டுக்கட்டினால் பொய். டிராக்டன் கறுப்பினத்தவர் குடியிருப்பு. அங்கே “இது என்ன?” என்று பெரியவர்கள் குழந்தையைக் கேட்பதே இல்லை, அவர்களுக்குத்தான் தெரியுமே! “இது எதைப் போல இருக்கு?” என்று கேட்பார்கள். மூன்று வயதுப் பிள்ளை திண்ணையில் கூட்டத்தை நிறுத்திக் கதை அளக்கும்.

இரண்டு இடத்துப் பிள்ளைகளும் பள்ளியில் சறுக்கினார்கள், ஆனால் வேறு வேறு இடத்தில். டிராக்டன் பிள்ளைக்கு முதல் நாளே சிக்கல்; தமக்கே தெரிந்ததை டீச்சர் ஏன் கேட்கிறார் என்று அதற்குப் புரியவில்லை. ரோட்வில் பிள்ளை முதல் இரண்டு மூன்று வகுப்பு நன்றாகப் போய், பிறகு “நீயாக இருந்தால் என்ன செய்வாய்?” என்ற வகைக் கேள்வி வந்ததும் நின்றுவிட்டது. நகரத்துப் படித்தவர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் பள்ளிக்கூடத்துக் கேள்வியும் வீட்டுக் கேள்வியும் ஒன்றாக இருந்தன. ஹீத் ஆசிரியர்களோடு சேர்ந்து கேள்வி கேட்கும் முறையை மாற்றச் செய்தார். பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள்.

நம் வீடுகளில் இரண்டும் கொஞ்சம் கலந்திருக்கிறது. “பெரியவங்க பேசறப்போ குறுக்க பேசாத” என்பது ஒரு பக்கம். கேள்வி கேட்கிற பெண் குழந்தைக்கு வாயாடி என்று பட்டம். இன்னொரு பக்கம், கோயில் வாசலில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு உடுக்கையடிக் கதை கேட்ட ஊர் இது. காங்கயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த கனடா மானிடவியலாளர் பிரெண்டா பெக், அண்ணன்மார் கதையை 1965இல் இரவு இரவாக ஒலிநாடாவில் பதிவு செய்தார். யார் யாருக்கு என்ன உறவு, எதனால் பகை வந்தது, முன்னே நடந்ததற்கும் பின்னே நடந்ததற்கும் என்ன தொடர்பு என்று நீண்ட கதையை மனத்தில் நிறுத்தி வைக்கும் பயிற்சி அது. ஐந்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடம் பிள்ளையிடம் கேட்பதும் அதே பயிற்சியைத்தான். அந்த உடுக்கைச் சத்தம் இன்று குறைந்துவிட்டது. ராத்திரி ஷிப்டு வந்துவிட்டது.

பிள்ளை மனத்தைப் பற்றி யோசிப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908இல் பிறந்த பெரியசாமித் தூரன், பெரியநாயக்கன்பாளையத்து ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். குழந்தை உளவியலைத் தமிழில் எழுதிக் காட்டினார். தமிழ்க் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்து முடித்த கையோடு குழந்தைகளுக்கென்று தனிக் கலைக்களஞ்சியம் தொகுத்தார். அவர் பெயர் அவர் எழுதிய பாட்டுகளால் கச்சேரியில் மட்டும் கேட்கிறது; ஆசிரியர் பயிற்சியில் கேட்பதில்லை.

இதுவரை சொன்னது வீட்டிலும் தமிழ் பேசும் பிள்ளையைப் பற்றி. கொங்கு நாட்டில் வீட்டு மொழி தமிழாக இல்லாதவர்கள் எத்தனை பேர்! தேவாங்கர் வீட்டில் கன்னடம், அருந்ததியர் வீட்டில் தெலுங்கு. அந்தியூரைத் தாண்டிப் பர்கூர் மலை ஏறினால் மாடு மேய்க்கும் லிங்காயத்துகள் பேசுவது கன்னடம், சோளகர்களுக்குத் தனி மொழி; பள்ளிக்கூடம் தமிழில். பெருந்துறை சிப்காட்டிலும் திருப்பூரிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள். ஒடிசாவிலேயே பழங்குடிப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இருந்தது. 2007 வாக்கில் சவரா, கோயா, குயி, சந்தாலி உள்ளிட்ட பத்து மொழிகளில் முதல் வகுப்புகளைத் தொடங்கி, மெல்ல ஒடியாவுக்குக் கொண்டுபோகும் ஏற்பாட்டை அந்த அரசு செய்தது. கூடியவரை தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது. அந்தக் ‘கூடியவரை’யில்தான் எல்லாம் நழுவிப் போகிறது.

ஆங்கில வழியைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். அது பேசித் தீராது. ஒன்று மட்டும். புது மொழியில் விளையாட்டுப் பேச்சு ஓரிரு வருடத்தில் வந்துவிடும், பாடம் புரிகிற அளவு மொழி வர ஐந்திலிருந்து ஏழு வருடம் ஆகும் என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறார். அந்த ஏழு வருடமும் வேறொரு மொழியில் பிள்ளை நன்றாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். “டோன்ட் டச்”, “கம் ஹியர்” என்று நாலு கட்டளையை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் தமிழையும் நிறுத்திவிட்டால் பிள்ளைக்கு இரண்டும் கெட்டுவிடும். பாக்கியை மனப்பாடம் பார்த்துக்கொள்ளும். கொங்கு நாட்டுப் பள்ளிகள் சிலவற்றுக்குப் பிராய்லர் பள்ளி என்று பெயர் வந்தது இந்த மனப்பாடத்தால்தான்.

கடைசியாக, வீட்டிலும் பள்ளியிலும் எல்லாம் சரியாக இருந்தும் மொழி வராத பிள்ளைகள். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் கோர்ட்னி நார்பரி குழுவினர் 2016இல் வெளியிட்ட கணக்கில், வேறு எந்த நோயும் இல்லாமல் மொழியில் மட்டும் கடுமையான சிக்கல் உள்ள பிள்ளைகள் 7 விழுக்காட்டுக்கும் மேல். முப்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். அவர்களுக்குக் காது கேட்கும், வாக்கியம் மட்டும் சேராது. நம்மூரில் அவர்களுக்கு மக்கு என்று பெயர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்றுதான். ஆனால் அதன் விளக்கம் குரல்வளையை எடுத்தவர்களையும் பக்கவாதத்தில் பேச்சு இழந்தவர்களையும் போன்றவர்களை மனத்தில் வைத்து எழுதியது. இந்த இரண்டு பிள்ளைகளும் அதற்குள் வருவது கடினம். சட்டம் திருத்தப்பட வேண்டும்.

வீட்டார் செய்யக்கூடியது அதற்கு முன்பே இருக்கிறது. இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத குழந்தையைப் பார்த்து, “அவுங்கப்பனும் மூணு வயசுக்குத்தாங் பேசுனான்” என்று ஆத்தா சொல்வார். வசம்பை இழைத்து நாக்கில் தடவுவார்கள். அப்பன் பேசியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முதலில் காதைச் சோதிக்காமல் அந்த ஆறுதல் செல்லாது. காதில் சீழ் வந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். சீழ் வடியும் காது பாதிதான் கேட்கும். பாதி கேட்கும் பிள்ளையைத்தான் வகுப்பில் கவனமில்லாதவன் என்று திட்டுவார்கள். பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி வைக்கிறார்கள். அதற்கு வயது வரம்பு ஆறு. அதிலும் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு பேச்சு வரும். அந்தியூர், பர்கூர், கொள்ளேகால் வழியாக மைசூர் போகும் சாலை நம் ஊர்ச் சாலைதான். அதன் மறுமுனையில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவதற்கு முன் உள்ளூரிலேயே ஒரு வாசல் உண்டு. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழு ஒன்று அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு தடவையும், அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் வர வேண்டும். செவி, பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் பார்ப்பது அவர்கள் வேலை, செலவு கிடையாது. அன்றைக்குப் பிள்ளையைப் பட்டறைக்குக் கூட்டிப் போய்விட்டால் அடுத்த ஆறு மாதம் போய்விடும். உங்கள் தெரு அங்கன்வாடி அம்மாவிடம் அந்தக் குழு எப்போது வருகிறது என்று நாளைக்கே கேட்டு வையுங்கள். பட்டறை வைத்திருக்கும் முதலாளிகள், அன்று தாய்மார்களுக்கு அரை நாள் கூலி பிடிக்காமல் விட்டுவிடுங்கள்.